ரோடு போட யார் காசு கொடுப்பது? டர்பன் வீட்டுக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

மார்ச் முடிவதற்குள் டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சியின் வரைவு பட்ஜெட் மன்றத்துக்கு வந்துவிடும். ரோடு, வடிகால், நடைபாதை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் அதில் ஏதோ ஒரு தொகை இருக்கும், நம் ரோட்டின் பெயர்தான் எங்கே தேடினாலும் கிடைக்காது. உடனே ஆளுக்கொரு யோசனை. கடை வைத்திருக்கிறவர் "நாமே கொஞ்சம் கூடுதலாகக் கட்டி நம் ரோட்டை நாமே பார்த்துக்கொள்வோம்" என்பார். பென்ஷனில் இருக்கிற ஆயா "வர்ற பில்லையே கட்ட முடியலை, இதுல கூடுதல் வேறயா?" என்பார். யாரோ ஒரு தம்பி வாட்ஸ்அப் குரூப்பில் தார் மூட்டை வாங்க ஆளுக்கு 100 ராண்ட் கேட்பார். கவுன்சிலரோ எல்லாருக்கும் தலையாட்டுவார்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ஐசிபிங்கோ பக்கமிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருவதால், கையில் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாரும் மழைநீர் வடிகாலும் ஊர்ப் பொதுப் பணத்திலிருந்துதான் வரவேண்டும், தெருக்காரர்களின் கூடுதல் காசு அதற்கு மேலே வேண்டுகிறவற்றுக்கு. ஆனால் பொதுப் பணம் வரும் என்று உட்கார்ந்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, சில ரோடுகளில் அது கூடுதல் வரியைவிடப் பெரிய விலை.

## எதை வைத்து அளப்பது

எல்லாவற்றுக்கும் முன்னால் அது யார் ரோடு என்று பாருங்கள். என்2, என்3 மாதிரித் தேசிய ரோடுகள் சான்ரால் என்கிற தேசிய ரோடு நிறுவனத்தின் கையில். சில பெரிய ரோடுகள் மாகாணப் போக்குவரத்துத் துறையின் கையில். மற்றபடி வீட்டு வாசல் ரோடெல்லாம் மாநகராட்சியுடையது, அரசியல் சாசனமே உள்ளூர் ரோடுகளை நகராட்சிகளின் பொறுப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. மாகாண ரோட்டுக்காக வார்டு கூட்டத்தில் தொண்டை வறளக் கத்தியவர்களை எனக்குத் தெரியும்.

அது தெளிவானதும் கேட்கவேண்டியது, பத்து வருஷம் கழித்து இந்த ரோட்டுக்கு யார் காசு கொடுப்பார் என்பது. புது ரோடு போடுகிற நாளில் ரிப்பன் வெட்ட நிறையப் பேர் வருவார்கள், பராமரிப்புக்கு யாரும் வருவதில்லை. தார் வெடிக்கும், வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கும், அடியில் இருக்கிற ஜல்லியும் மண்ணும் ஊறும், மேலே டாக்சி போகப் போகச் சேறு பிதுங்கி வெளியே வரும், அப்புறம் குழி. பராமரிப்பை மூன்று வருஷம் தள்ளிப்போட்டால் பழுதுச் செலவு 6 மடங்கு, ஐந்து வருஷம் தள்ளிப்போட்டால் 18 மடங்கு என்று சான்ரால் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தேசியக் கருவூலமும் நகராட்சிகள் தங்கள் சொத்து மதிப்பில் 8 சதவீதத்தைப் பழுதுபார்க்க ஒதுக்கவேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. வரைவு பட்ஜெட்டில் நான் முதலில் தேடுவது இந்த ஒரு எண்ணைத்தான், புதுத் திட்டங்களின் பட்டியல் அப்புறம்.

பிறகு, யார் பயன்படுத்துகிறார்கள், யாரால் கொடுக்க முடியும். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்பது பெரிய ஏமாற்று. வீட்டின் மதிப்பு ஏறியிருக்கலாம், வீட்டுக்காரரின் பென்ஷன் ஏறியிருக்காது. கடைசியாக, பிடிக்காவிட்டால் வெளியே வர முடியுமா, வேலை கெட்டுப்போனால் யார் சட்டையைப் பிடிப்பது.

## பொது ரேட்ஸிலிருந்து

இதுதான் வழக்கமான வழி. சொத்தின் மதிப்பில் ஒரு ராண்டுக்கு இத்தனை சென்ட் என்று ரேட்ஸ் என்கிற சொத்து வரி வசூலாகிறது, எல்லாம் ஒரே பெட்டியில் விழுகிறது, மன்றம் உட்கார்ந்து பங்கு போடுகிறது. எத்தெக்வினி மன்றத்தில் 222 பேர். அதில் 111 பேர் வார்டு கவுன்சிலர்கள், மற்ற 111 பேர் கட்சிப் பட்டியலில் வந்தவர்கள். நம் வார்டு ஆள் இருநூற்று இருபத்திரண்டில் ஒருவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், "கவுன்சிலர் ஒண்ணும் செய்யலை" என்கிற கோபம் கொஞ்சம் சரியான அளவுக்கு வரும்.

நல்லது என்னவென்றால், வசதி உள்ளவர்கள் அதிகம் கட்டுகிறார்கள், வேண்டியவர்களுக்கு அதிகம் போகலாம். வீட்டு மதிப்பில் முதல் 15,000 ராண்டுக்கு நாடு முழுவதும் ரேட்ஸ் கிடையாது, அதற்கு மேல் மாநகராட்சி தன் பங்குக்கும் சலுகை தருகிறது, பென்ஷன்காரர்கள் விண்ணப்பித்தால் தனித் தள்ளுபடி உண்டு. விண்ணப்பித்தால் என்பதைக் கவனியுங்கள். தானாக யாரும் வீடு தேடி வந்து தரமாட்டார்கள், தெருவில் இரண்டு பேராவது அந்தப் படிவத்தை நிரப்பாமலே முழு ரேட்ஸ் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு, காத்திருப்பு. அதோடு துறைகளுக்குள் பேச்சே இல்லாமல் போவது. எங்கள் பக்கம் ஒரு ரோட்டில் குழாய் வெடித்தது. வந்தார்கள், தோண்டினார்கள், குழாயைச் சரிபண்ணினார்கள், பழுப்பு மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். தார் போடுவது வேறு குழுவின் வேலையாம். வாரக்கணக்கில் அந்த மண் பக்கத்து வீட்டு கேட்டுக்குள் ஓடியது, கடைசியில் தார் வந்தது, முதல் பெருமழைக்கே ஒரு சாண் அளவுக்கு அமுங்கி நீளமாக ஒரு பள்ளமாகிவிட்டது. இப்போது அதன் ஓரத்தில் சுற்றிலும் வெடிப்பு. யார் தோண்டினார்கள் என்று பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனால் நல்ல ரோடு ஒன்று குழாய்க்காகவே செத்துப்போவதை இங்கே நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். புது ரோடு கேட்பதற்கு முன்னால் அடியில் இருக்கிற குழாயை மாற்றுவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ரோட்டை இப்போதைக்குப் போடவே வேண்டாம்.

மத்திய அரசின் மானியமும் இந்தப் பெட்டிக்குத்தான் வருகிறது. 2011 முதல் பெருநகரங்களுக்கு நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு மானியம் என்று தனியாக ஒன்று உண்டு. அதன் குறி ஏழைக் குடியிருப்புகள், தகரக் கொட்டகைப் பகுதிகள். சாட்ஸ்வொர்த்தின் கிராஸ்மோரில் பாட்டில்பிரஷ் என்கிற கொட்டகைப் பகுதிப் பக்கம் ரோடு வந்தால் "நாங்க ரேட்ஸ் கட்டுறோம், அவங்களுக்கு ரோடா" என்று புலம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பணம் அதற்காகவே வந்தது, உங்கள் ரோட்டுக்கென்று வந்து திசைமாறியது இல்லை. அதுவும் போக, அந்த ரோட்டில் வடிகால் ஒழுங்காக இருந்தால் தண்ணீர் கீழே இருக்கிற உங்கள் வீட்டுக்குள் வராது.

எப்போது இது சரி: ரோட்டில் வெளி வண்டிகள் நிறையப் போகிறதென்றால், பஸ், டாக்சி வழியென்றால், தெருவில் பென்ஷன்காரர்கள் அதிகமென்றால், பழுது வடிகால் சம்பந்தப்பட்டதென்றால்.

## சிறப்பு ரேட் பகுதி

இப்போது எல்லார் வாயிலும் இருப்பது இதுதான். 2004-ஆம் ஆண்டு நகராட்சிச் சொத்து வரிச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. ஒரு பகுதிக்கு எல்லை வரைந்து, உள்ளே இருக்கிற சொத்துக்காரர்கள் வழக்கமான ரேட்ஸுக்கு மேலே ஒரு கூடுதல் ரேட் கட்டுவார்கள், அந்தக் காசு அந்தப் பகுதிக்கே செலவாகும், கணக்கும் தனியாக இருக்கவேண்டும். டர்பனில் அம்லங்கா, ஃப்ளோரிடா ரோடு மாதிரி இடங்களில் இது நடக்கிறது. மாநகராட்சி பில்லில் ஒரு வரியாக வசூலாகும், உள்ளூர்க்காரர்கள் நடத்துகிற லாப நோக்கில்லாத நிறுவனம் ஒன்று செலவு செய்யும்: துப்புரவு, பாதுகாப்பு ஆட்கள், செடி, பெஞ்சு, நடைபாதை.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராண்டுக்கு 0.2 சென்ட் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 லட்சம் ராண்ட் மதிப்புள்ள வீட்டுக்கு வருஷம் 1,800, மாதம் 150. 30 லட்சம் மதிப்புள்ள கடைக்கு வருஷம் 6,000. கடைக்காரருக்கு இது ஒன்றுமே இல்லை, வாசல் சுத்தமாக இருந்தால் வியாபாரத்திலேயே எடுத்துவிடுவார். பென்ஷன் ஆயாவுக்கு 150 என்பது ஒரு வாரத்து காய்கறி. இருவரும் ஒரே எல்லைக்குள் இருக்கிறார்கள், ஒரே கூட்டத்தில் கை தூக்கச் சொல்கிறார்கள்.

கை தூக்குவது யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சட்டப்படி சம்மதம் கேட்கவேண்டியது அந்தக் கூடுதல் ரேட்டைக் கட்டப்போகிறவர்களிடம், அவர்களில் பெரும்பான்மையினர் சம்மதிக்கவேண்டும். அப்படியென்றால் வாடகைக்கு இருக்கிறவர்களுக்குக் குரல் இல்லை, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றும்போதுதான் அவர்களுக்குச் சேதி தெரியும். கொட்டகையில் இருக்கிறவர்களுக்கும் இல்லை. வேண்டாம் என்று சொன்னவர்களும் எல்லைக்குள் இருந்தால் கட்டித்தான் ஆகவேண்டும். கட்டாமல் விட்டால் பாக்கி ஏறும், வீட்டை விற்கும்போது கடைசி இரண்டு வருஷத்துப் பாக்கியைத் தீர்த்தால்தான் மாநகராட்சி பத்திரப் பதிவுக்கான சான்று தரும்.

இன்னொரு வேடிக்கை, பொது வழிபாட்டுத் தலங்களுக்கு ரேட்ஸ் போடக்கூடாது என்பதும் அதே சட்டம். காவடி நாளில் அந்த ரோட்டில் வந்து நிற்கிற அத்தனை வண்டிகளும் கோயிலுக்கு வந்தவை, கோயிலுக்கோ ரேட்ஸ் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேர் வருகிற ரோட்டில் உதிர்ந்த ஜல்லி மேல் வெறுங்காலோடு காவடி எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தவர்கள் யாரும் கணக்குப் பேசமாட்டார்கள். ஆனால் கோயில் கமிட்டி விருப்பப்பட்டு ஏதாவது கொடுக்குமா என்று முன்னாலேயே கேட்டுவைப்பது நல்லது, திருவிழா முடிந்த பிறகு கேட்டால் மனஸ்தாபம்.

இந்தச் சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. நகராட்சிக்குள் ஏற்கனவே இருக்கிற ஏற்றத்தாழ்வுகளை வலுப்படுத்த இந்தப் பிரிவைப் பயன்படுத்தக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு இந்த நாடு தெரியும். சாட்ஸ்வொர்த் என்பதே, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் உருவான ஊர். 1960-களில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மாகசின் பாரக்ஸிலிருந்தும் ஆட்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து மேட்டிலும் சரிவிலுமாக வரிசை வீடுகளைக் கட்டி, ரோடுகளுக்குப் பெயர்கூட வைக்காமல் எண்ணைப் போட்டுவிட்டார்கள். யூனிட் 7 மான்ட்ஃபர்டில் இன்றைக்கும் ரோடு 701, ரோடு 706 என்றுதான் முகவரி. கார் இல்லாத குடும்பங்களுக்கென்று குறுகலாகப் போட்ட ரோடு, இப்போது வீட்டுக்கு இரண்டு கார், நடைபாதை இருக்கிற இடத்திலும் அதன் மேல் கார்தான் நிற்கிறது. அறுபது வருஷம் முன்னால் குறைவைத்துப் போட்ட ரோட்டைச் சரிசெய்ய, அந்தக் குறையைத் தாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளே தனியாகக் கூடுதல் வரி கட்டவேண்டும் என்றால், மன்னிக்கவும், என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடற்கரையோரம் பெஞ்சும் பூச்செடியும் வேண்டும் என்கிறவர்கள் கட்டட்டும், அது வேறு.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. நிறுவனம் நடத்தத் தணிக்கை, மேலாளர் சம்பளம், காப்பீடு எல்லாம் வேண்டும், சின்னப் பகுதியில் வசூலில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். அதைவிட எனக்குப் பயம், மாநகராட்சி மெல்லக் கையை எடுத்துக்கொள்வது. "அங்கேதான் அவர்களே பார்த்துக்கொள்கிறார்களே" என்று புல் வெட்டுகிற வண்டி வருவதைக் குறைத்தால், பழைய ரேட்ஸும் கட்டிக் கூடுதலும் கட்டி அதே வேலையை வாங்கிக்கொண்டிருப்பீர்கள். இப்போது மாநகராட்சி செய்கிற வேலைகளை, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பது உட்பட, ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் எந்தக் கூட்டத்திலும் கை தூக்காதீர்கள். பென்ஷன் தள்ளுபடி கூடுதல் ரேட்டுக்கும் உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

எப்போது இது சரி: கடைத்தெரு, பேருந்து நிலையத்தைச் சுற்றிய வியாபாரப் பகுதி, வாசல் சுத்தமும் விளக்கும் நேரடியாக வருமானம் தருகிற இடம். முழுக்க முழுக்க வீடுகள் இருக்கிற ரோட்டுக்கு, அதிலும் பென்ஷன் வீடுகள் நிறைந்த ரோட்டுக்கு, நான் வேண்டாம் என்பேன்.

## கடன் வாங்கிச் செய்வது

மன்றத்தில் யாராவது ஒருவர் "கடன் வாங்கி எல்லா ரோட்டையும் ஒரே வீச்சில் போட்டுவிடலாம்" என்று எழுந்து பேசுவார், கைதட்டல் விழும். 2003-ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி நீண்டகாலக் கடனை மூலதனச் செலவுக்குத்தான் வாங்கலாம். வீட்டுக் கடனில் மளிகை வாங்கக்கூடாது என்கிற மாதிரி நியாயமான விதி. பொதுமக்களிடம் முன்கூட்டியே அறிவித்துக் கருத்தும் கேட்கவேண்டும்.

கணக்கு இப்படி: 1 கோடி ராண்டை 11 சதவீத வட்டிக்கு 15 வருஷத்துக்கு வாங்கினால், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 13.9 லட்சம், மொத்தம் 2 கோடியே 8 லட்சத்துக்கும் மேல். (வட்டி விகிதம் என் உதாரணம்தான், கடன் கொடுப்பவரைப் பொறுத்து மாறும்.) ஐம்பது வருஷம் நிற்கிற வடிகாலுக்கு இது நியாயம், ஏனென்றால் இன்றைக்குப் பிறக்கிற குழந்தையும் அதைப் பயன்படுத்தும், அது பெரியவனாகிக் கட்டுவதில் தப்பில்லை. பத்து வருஷத்துக்குள் மறுபடி போடவேண்டிய மேல்தாருக்கு 15 வருஷக் கடன் என்றால், தார் பெயர்ந்த பிறகும் தவணை போய்க்கொண்டிருக்கும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். குவாசூலு-நடாலில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், டர்பனில் ரோடுகள் பாதியாக அறுந்து பள்ளத்தாக்கில் போய் விழுந்தன. அதற்குப் பிறகும் வடிகாலுக்குக் கடன் வாங்கத் தயங்கிவிட்டு, மேல்பூச்சுக்கு வாங்கத் தயாராக இருக்கிறவர்களின் கணக்கு எனக்குப் புரியவில்லை. மேல்பூச்சு தேர்தலுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும், வடிகால் தெரியாது, அவ்வளவுதான் காரணமாக இருக்கவேண்டும்.

## கட்டடம் கட்டுகிறவரிடம் வாங்குவது

காலி மனையில் நாற்பது டவுன்ஹவுஸ் எழும்புகிறது. அத்தனை காரும் நம் குறுகல் ரோட்டில்தான் இறங்கும். உள்ளே போடுகிற ரோடும் குழாயும் கட்டுகிறவர் செலவு, வெளியே இருக்கிற பெரிய இணைப்பு நகராட்சியின் பொறுப்பு என்று 2013-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுச் சட்டம் பிரித்திருக்கிறது. வெளிச் செலவில் அவர் பங்கை வாங்கிக்கொள்வதுதான் மேம்பாட்டுக் கட்டணம். அதை நாடு முழுக்க ஒரே முறையில் வசூலிக்க வழி செய்யும் திருத்தச் சட்டத்தில் ஜனாதிபதி 2024-இல் கையெழுத்திட்டார்.

நம் பையிலிருந்து போகாத காசு என்பதால் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் அது வீட்டு விலையில் ஏறி, அங்கே வாங்கப்போகிற இளம் தம்பதியின் தலையில் விழும். பழைய குழியை மூட அதைக் கேட்கவும் முடியாது, புதுக் கட்டடத்தால் கூடுகிற சுமைக்குத்தான் அது. எனவே பக்கத்தில் பெரிதாக ஏதாவது வரப்போகிறது என்ற அறிவிப்புப் பலகை தென்பட்டால் ஆட்சேபம் சொல்கிற கெடுவுக்குள் போய், "கட்டட்டும், ஆனால் இந்த முனைக்கு ரோபோவும் (போக்குவரத்து விளக்கு) நடைபாதையும் நிபந்தனையில் சேர்க்கவேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். கெடு போனால் போனதுதான்.

## ஓட்டுகிறவர் கொடுக்கட்டும்

கேட்க நியாயமாக இருக்கும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இதைச் செய்து பார்த்தார்கள். நெடுஞ்சாலைகளை அகலப்படுத்தி, 2013 டிசம்பர் 3 முதல் மின்னணுச் சுங்கம் போட்டார்கள், ஆட்கள் பெரும்பாலும் கட்டவே இல்லை, 2024 ஏப்ரலில் நிறுத்தினார்கள். கடனில் 70 சதவீதம் மத்திய அரசும் 30 சதவீதம் அந்தப் பக்கத்துக் கௌட்டெங் மாகாணமும் ஏற்றுக்கொண்டன. கடைசியில் அந்த ரோட்டில் ஒரு நாளும் போகாதவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

பெட்ரோலில் ஏற்கனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், 2025 ஜூனிலும் லிட்டருக்கு 16 சென்ட் ஏறியது. அது பொது வருமானத்தில் போய்ச் சேர்கிறது. தொழில் நிறுவனங்களிடம் வாங்கிவந்த வட்டாரச் சேவை வரி 2006-இல் ஒழிந்த பிறகு, 2009-லிருந்து பெருநகரங்களுக்கு எரிபொருள் வரியில் ஒரு பங்கு வருகிறது. "எங்கள் பெட்ரோல் காசு எங்கே" என்று கேட்பவர்களுக்கு வார்டு கூட்டத்தில் பதில் கிடைக்காததற்குக் காரணம், அது ரோட்டுக்கென்று பூட்டிவைத்த காசு இல்லை. வீட்டு வாசல் ரோட்டுக்கு இந்த வழி ஆகாது, விட்டுவிடலாம்.

## வாட்ஸ்அப் வசூலும் ஸ்பான்சரும்

வேகமானது இதுதான். சனிக்கிழமை காலை ஒரு பாக்கி (பிக்கப்) வண்டி, சூடாக்காமலே போடுகிற குளிர்தார் நாலு மூட்டை, இரண்டு மண்வெட்டி, மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணி, குழி மூடியாயிற்று. ஜோஹன்னஸ்பர்க்கில் 2021-இல் டிஸ்கவரி இன்ஷூர், டயல்டைரக்ட் என்ற இரண்டு காப்பீட்டு நிறுவனங்கள் நகராட்சியோடு சேர்ந்து குழி மூடும் படையையே இறக்கின. டயரும் ரிம்மும் உடைந்து வருகிற இழப்பீடுகளைக் குறைத்தாலே அவர்களுக்கு லாபம்.

தெருக்காரர்கள் செய்தால் சிக்கல் வேறு. ரோடு மாநகராட்சியின் சொத்து, அனுமதி வாங்காமல் கைவைத்து அங்கே ஒரு மோட்டார் சைக்கிள்காரர் விழுந்தால் கேள்வி உங்களிடம் வரும். குழியை நேர் விளிம்பாக வெட்டாமல், ஈரம் துடைக்காமல், அடியைக் குத்திக் கெட்டிப்படுத்தாமல் மேலே தாரைக் கொட்டினால் இரண்டு மழைக்குத் தாங்காது. அப்புறம் மனுஷர்கள். முதல் தடவை முப்பது வீட்டில் இருபது வீடு கொடுக்கும், இரண்டாவது தடவை பன்னிரண்டு, மூன்றாவது தடவை கேட்கப்போகிறவரே சங்கடப்பட்டுக் கேட்காமல் விடுவார். கொடுக்காத வீட்டு வாசலில் இருக்கிற குழியை மூடுவதா வேண்டாமா என்று சண்டை வரும். மூடுங்கள், வேறென்ன செய்வது, கார் போகிறது எல்லாருடையதும்தானே.

தெருக்காரர்களின் உழைப்புக்கு நல்ல இடம் வேறு இருக்கிறது: ஓரத்தில் இருக்கிற வடிகால் வாய். சிப்ஸ் பாக்கெட், பால் பாட்டில், வெட்டிப்போட்ட புல், பூஜை முடிந்த மாலை எல்லாம் அதில்தான் அடைத்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்துக்கு முன்னால் அதை வாரிவிட்டால் ஒரு காசு செலவில்லாமல் தார் இன்னும் கொஞ்ச காலம் கூடுதலாக நிற்கும்.

இதன் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் உண்டு, ரேட்ஸ் கட்டாமல் நிறுத்திவைத்துப் போராடுவது. கோபம் புரிகிறது. ஆனால் வட்டி ஏறும், கரண்ட், தண்ணீர் இணைப்புத் துண்டிக்கப்படலாம், மேலே சொன்ன சான்று கிடைக்காமல் வீடு விற்பது நிற்கும். இதில் இறங்குகிறவர்கள் முதலில் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும்.

## எந்த வேலைக்கு எந்தக் காசு

| வேலை | நான் கேட்கிற வழி | ஜாக்கிரதை |
|---|---|---|
| மேல்தார், குழி | பொது ரேட்ஸ், பராமரிப்பு ஒதுக்கீடு | அடிக் குழாயை முதலில் மாற்றட்டும் |
| மழைநீர் வடிகால், தாங்கு சுவர் | மாநகராட்சிக் கடன், மானியம் | பராமரிப்புக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறதா |
| கடைத்தெரு துப்புரவு, காவல், அலங்காரம் | சிறப்பு ரேட் பகுதி | பழைய சேவை குறையக்கூடாது, வாடகைக்காரர்களையும் கேளுங்கள் |
| புதுக் கட்டடத்தால் கூடும் நெரிசல் | மேம்பாட்டுக் கட்டணம் | ஆட்சேபக் கெடு |
| வடிகால் வாய் வாருதல், புல் | தெருக்காரர்கள் | கையுறை, மாநகராட்சிக்கு ஒரு தகவல் |

வீடும் கடையும் கலந்த ரோடுதான் உண்மையில் கஷ்டம். அங்கே கடைகள் இருக்கிற துண்டுக்கு மட்டும் எல்லை வரையச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் எல்லையைப் பெரிதாக வரையப் பார்ப்பார்கள், வீடுகள் சேர்ந்தால் ஆளுக்கு வருகிற தொகை குறையுமே. அந்த வரைபடம் மேசைக்கு வருகிற கூட்டத்துக்குத்தான் எல்லாரும் போகவேண்டும், வாக்கெடுப்புக் கூட்டத்துக்குப் போய்ப் பயன் கம்மி.

## எப்போது, எங்கே சொல்வது

நிதி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்கு 90 நாள் முன்னால் வரைவு பட்ஜெட் மன்றத்தில் வைக்கப்படவேண்டும், அதனால்தான் மார்ச் கடைசி. பிறகு பொதுமக்கள் கருத்து, மே முடிவுக்குள் மன்றம் ஒப்புதலுக்கு எடுக்கும். ஏப்ரல்தான் உங்கள் மாதம். ஜூனில் போய்க் கத்தினால் அடுத்த வருஷத்துக்குக் கத்துகிற மாதிரி.

வார்டு கமிட்டியில் கவுன்சிலர் தலைமையில் பத்துப் பேர் வரை இருக்கலாம், உங்கள் பக்கத்து ஆள் யார் என்று கண்டுபிடியுங்கள். கூட்டத்தில் பேசினதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: என்ன பழுது, அடியில் குழாய் நிலைமை என்ன, எந்த வண்டிகள் போகின்றன, எந்தப் பணத்திலிருந்து கேட்கிறீர்கள், பராமரிப்பு யார் பொறுப்பு. படம் எடுக்கும்போது குழிக்குள் ஒரு செருப்பை வைத்து எடுங்கள், ஆழம் தெரியும். எண் வைத்த ரோட்டில் இருக்கிறவர்கள் ரோட்டு எண்ணோடு யூனிட் பெயரையும் பக்கத்து முனையையும் சேர்த்து எழுதுங்கள், வேலைக்கு வருகிற குழுவுக்கு 701 எந்தப் பக்கம், 706 எந்தப் பக்கம் என்று தெரியாது.